சர்வேயர் ஆக விரும்புபவருக்கு: கருவிக்கு முன்னால் கற்க வேண்டியவை

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "டோட்டல் ஸ்டேஷன் ஓட்டக் கற்றுக்கொண்டால் வேலை கிடைத்துவிடுமா?" கிடைத்துவிடும். கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவி அது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்பதை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். ஆனால் திரையில் 84.326 என்று ஓர் எண் வந்து நிற்கும்போது "இதை நம்பலாமா?" என்று கேட்கத் தெரிந்தவர்தான் சர்வேயர். அந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லப் பழகச் சில வருடங்கள் ஆகும். அந்த வருடங்களை எந்த வரிசையில் செலவழிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கற்ற வரிசை இதுவல்ல. தலைகீழாகக் கற்று அடிபட்டேன்.

முதல் படி: எந்த சர்வே என்று பாருங்கள்

சர்வே என்ற ஒரே சொல்லுக்குள் பல தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருடைய நிலம் எங்கே முடிந்து இன்னொருவருடையது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது எல்லை அளவை. மேடு, பள்ளம், மரம், கட்டடம், மின்கம்பம் எல்லாவற்றையும் வரைபடத்தில் கொண்டுவருவது தள அளவை. கட்டடத்தின் தூண் எங்கே, சாலையின் வளைவு எங்கே என்று வரைபடத்திலிருந்து எடுத்து மண்ணில் குறித்துக் கொடுப்பது கட்டுமான மார்க்கிங். இவை தவிர சுரங்கம், கடலடி, வான்வழிப் படம், லேசர் ஸ்கேனிங் என்று தனித்தனிக் கிளைகள் உண்டு. கடைசியில் சொன்னவற்றுக்குக் கருவியும் பயிற்சியும் வேறு என்பதால் இங்கே அதிகம் தொடப்போவதில்லை.

புதிதாக வருபவர் எதில் தொடங்குவது என்று கேட்டால் கட்டுமான மார்க்கிங் என்பேன். காரணம் எளிது. அங்கே தப்பு சீக்கிரம் முகத்தில் அறையும். நீங்கள் குறித்துக் கொடுத்த இடத்தில் போல்ட் ஊன்றிக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். இரும்புத் தூண் வந்து இறங்கும்போது துளையும் போல்ட்டும் ஒத்துப்போகாது. பத்து நாளில் உங்கள் தப்பு என்னவென்று தெரிந்துவிடும். எல்லை அளவையில் அப்படி இல்லை. இன்று செய்யும் தப்பு இருபது வருடம் மண்ணுக்குள் சும்மா கிடந்துவிட்டு, நிலம் கைமாறும்போது வழக்காக எழுந்து வரும். கற்றுக்கொள்பவருக்குச் சீக்கிரம் திட்டு விழும் இடமே நல்லது.

இரண்டாம் படி: பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் கூடப் போங்கள்

படிப்பில் சேருவதற்கு முன் யாராவது ஒரு சர்வேயரிடம் கேட்டு, சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு வாரம் மட்டக்கோல் பிடியுங்கள். ஸ்டாஃப் என்று சொல்கிறார்களே, உயரம் பார்க்க அளவு குறித்த அந்த நீளக் கோல்தான். அதை நேராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் அசையாமல் நிற்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. மூன்று மீட்டர் உயரத்தில் கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு அதிகமாகவே காட்டும். இதனால்தான் சில குழுக்களில் கோலை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டச் சொல்லி, தெரிந்ததிலேயே குறைந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். இது முதல் நாளே உங்களுக்குத் தெரியவந்தால் நல்ல ஆளிடம் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அந்த வாரத்தில் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். முள்ளிலும் சேற்றிலும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க உடம்பு ஒத்துழைக்கிறதா? நாள் முழுக்க அளந்துவிட்டு மாலையில் உட்கார்ந்து கணக்குப் போடும் பொறுமை இருக்கிறதா? என் அனுபவத்தில் இரண்டாவதில்தான் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்கள். வெளியே சுற்றும் வேலை என்று ஆசைப்பட்டு வருவார்கள். வேலையின் பாதி மேசையில் என்று தெரிந்ததும் முகம் வாடிவிடும்.

மூன்றாம் படி: கணக்கு, அதிலும் முக்கோணம்

பயப்பட வேண்டாம், உயர்கணிதம் எல்லாம் பிறகு. முதலில் வேண்டியது சைன், கொசைன், பைதாகரஸ், அப்புறம் திசைகோணம். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக எத்தனை பாகை என்பதே திசைகோணம். ஒரு கோடு 60 பாகைத் திசையில் 100 மீட்டர் போகிறது என்றால், கிழக்கே 100 × சைன் 60, அதாவது 86.60 மீட்டரும், வடக்கே 100 × கொசைன் 60, அதாவது 50 மீட்டரும் போயிருக்கிறது. இந்த ஒரு கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மென்பொருள் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதையே ஆயிரம் தடவை செய்வதுதான்.

இதைக் கற்க எந்தக் கருவியும் வேண்டாம். திறந்த வெளியில் நான்கு முளை அடியுங்கள். ஒழுங்கான சதுரமாக இருக்கக் கூடாது, கோணல்மாணலாகவே இருக்கட்டும். டேப்பால் நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். ஒரு மூலைவிட்டம் நாற்கரத்தை இரண்டு முக்கோணமாக்கும். மூன்று பக்கம் தெரிந்தால் கோணங்களைக் கணக்கிடலாம். முளைகளின் இடங்களைக் கணக்கிட்டு, அதிலிருந்து இரண்டாவது மூலைவிட்டம் எவ்வளவு வர வேண்டும் என்று பாருங்கள். நீங்கள் அளந்ததற்கும் கணக்கில் வந்ததற்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். எங்கிருந்து வந்தது? டேப் தொய்ந்ததா, சாய்ந்ததா, முளையின் எந்தப் பக்கத்தைப் பிடித்தீர்கள்? அதைத் தேடும் அந்த ஒரு மணி நேரத்தில் கற்பது, புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்கப் படித்தாலும் வராது. கணக்குக்கு ஐந்து அளவே போதும். ஆறாவதை அளந்ததால்தான் தப்பு தெரிந்தது. தேவைக்கு மேல் அளப்பது வீண்வேலை அல்ல.

செங்கோணம் போட 3, 4, 5 முக்கோணம் போதும். 6, 8, 10 மீட்டர் என்று பெரிதாக எடுத்தால் இன்னும் துல்லியம்.

ஒரு விகிதத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு, பிசகினால் 100 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் விலகும். கருவியில் 5 விகலை என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு, 100 மீட்டருக்கா 1000 மீட்டருக்கா என்று உடனே மனக்கணக்காகச் சொல்ல இது உதவும்.

நான்காம் படி: படிப்பும் உரிமமும்

வழிகள் பொதுவாக மூன்று. பட்டயப் படிப்பு, பட்டப் படிப்பு, அல்லது வேலையில் உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வருவது. பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு இப்போது ஜியோமேட்டிக்ஸ், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் போன்ற பெயர்களிலும் இருக்கும். சிவில் எஞ்சினியரிங்கின் ஒரு பகுதியாகவும் வரும். சிவில் படித்தவர்கள் சர்வேயும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதுண்டு. ஒன்றிரண்டு பாடத்தில் தொட்டுவிட்டு வருவது தொழிலுக்குப் போதாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். களப்பயிற்சி எத்தனை நாள்? பிழைகளைச் சரிசெய்யும் கணக்கு, அதாவது லீஸ்ட் ஸ்கொயர்ஸ், உண்டா? நிலச் சட்டம் ஒரு தாளாவது இருக்கிறதா? இந்த மூன்றும் இல்லாமல் ட்ரோனும் மென்பொருளும் மட்டுமே இருந்தால் யோசியுங்கள். "ஒரே மாதத்தில் சர்வேயர்" என்ற விளம்பரங்களில் கிடைப்பது பொத்தான் பயிற்சி. அதற்கும் பயன் உண்டு, ஆனால் அந்தப் பெயரில் இல்லை.

உரிமம் என்பது தனிக் கதை. பல நாடுகளில் எல்லை அளவையில் கையெழுத்திடும் அதிகாரம் உரிமம் பெற்றவருக்கோ அரசு நியமித்தவருக்கோ மட்டும்தான். உரிம முறை உள்ள இடங்களில் வழக்கமான அமைப்பு இது: அங்கீகரித்த படிப்பு, உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் சில ஆண்டு அனுபவம், பிறகு தேர்வு. உதாரணமாக அமெரிக்காவில் முதலில் எஃப்எஸ் என்ற அடிப்படைத் தேர்வு, அனுபவத்துக்குப் பின் பிஎஸ் என்ற தொழில்முறைத் தேர்வு, அதற்கு மேல் மாநிலச் சட்டம் பற்றிய தேர்வு. ஓரிடத்தில் வாங்கிய உரிமம் அடுத்த நாட்டில், சில இடங்களில் அடுத்த மாநிலத்தில்கூட, அப்படியே செல்லாது. ஏனென்றால் கணக்கு எங்கும் ஒன்று, நிலச் சட்டம் அப்படி அல்ல. ஆகவே எங்கே வேலை செய்யப் போகிறீர்களோ அங்குள்ள விதியைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள். சேர்ந்து மூன்று வருடம் கழித்து "இந்தப் படிப்பு தகுதிப் பட்டியலில் இல்லை" என்று தெரியவருவது கொடுமை.

உலக அளவில் இந்தத் தொழிலுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு, ஃபிக் என்பார்கள். 1878-இல் பாரிஸில் தொடங்கியது. இளம் சர்வேயர்களுக்கென்று அதில் தனி வலையமைப்பும் இருக்கிறது. வேறு நாடுகளில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று அறிய ஆர்வமிருந்தால் எட்டிப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: கருவிகளை இந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்

டேப், லெவல், டோட்டல் ஸ்டேஷன், ஜிஎன்எஸ்எஸ், கடைசியாக ட்ரோன். ஆசை எல்லோருக்கும் கடைசியிலிருந்துதான் தொடங்கும்.

டேப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் மீட்டருக்கு 0.0116 மில்லிமீட்டர் வீதம் நீளும். டேப்பை அளவுசெய்த வெப்பத்தைவிட 15 பாகை அதிகச் சூட்டில் 30 மீட்டர் அளந்தால் 5 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். அளக்கிற பொருளே மாறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வர இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

லெவல் கருவி உயர வித்தியாசம் பார்ப்பதற்கு. தெரிந்த உயரத்தில் வைத்த கோலைப் பார்ப்பது பின்பார்வை, தெரிய வேண்டிய இடத்தில் வைத்ததைப் பார்ப்பது முன்பார்வை. இரண்டுக்கும் தூரத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். கருவியின் பார்வைக் கோடு லேசாக மேலோ கீழோ சாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிசகும். கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுப் போகும். பூமியின் வளைவும் அப்படியே. கிலோமீட்டர் தூரத்துக்கு வளைவும் ஒளிவிலகலும் சேர்ந்து சுமார் 6.7 சென்டிமீட்டர் காட்டும். இரு பக்கமும் சமமானால் அதுவும் காணாமல் போகும். பழைய, சரிபார்க்காத லெவலை வைத்துக்கொண்டும் நல்ல வேலை செய்யலாம், நடுவில் நிற்கத் தெரிந்தால்.

டோட்டல் ஸ்டேஷன் கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கிறது. இதில் முதலில் பழக வேண்டியது கருவியைப் புள்ளிக்கு நேர்மேலே நிறுத்துவது. முக்காலியின் மேல்தட்டு கண்ணளவில் மட்டமாக இருக்கும்படி கால்களை ஊன்றுங்கள். அடித்திருகுகளால், கருவி கீழ்நோக்கிக் காட்டும் லேசர்ப் புள்ளியை முளையின் ஆணிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கால்களின் நீளத்தை ஏற்றி இறக்கி, மட்டம் காட்டும் வட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். புள்ளி அதிகம் நகராது என்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். அப்புறம் திருகுகளால் நீளக் குமிழை மட்டமாக்கி, கருவியை மேல்தட்டில் லேசாக நகர்த்தி மீண்டும் புள்ளிக்கு வாருங்கள். கடைசியில் கருவியை 180 பாகை திருப்பிக் குமிழ் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் இதற்கு அரை மணி நேரம் ஆகும். மூன்று நிமிடத்தில் செய்ய வரும் வரை பழகுங்கள். கருவியைத் தூக்கும் போதெல்லாம் பதற்றமாக இருந்தால் அளக்கும்போது யோசிக்க மனம் இருக்காது.

கோணங்களை இரண்டு முகத்திலும் எடுங்கள். தொலைநோக்கியைக் கவிழ்த்து, கருவியைத் திருப்பி, அதே புள்ளியை மறுபடி பார்த்துச் சராசரி எடுத்தால் கருவியின் உள்பிழைகளில் பல தாமாகவே நீங்கும். அவசரத்தில் எல்லோரும் விடுவது இதைத்தான்.

ஜிஎன்எஸ்எஸ் என்பது ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். செயற்கைக்கோள் குறைந்தது நான்கு வேண்டும்: மூன்று இடத்துக்கு, ஒன்று உங்கள் கருவியின் கடிகாரப் பிழைக்கு. கைபேசி சில மீட்டருக்குள் இடம் காட்டும். ஆர்டிகே முறையில் தெரிந்த புள்ளியில் ஒரு கருவியை நிறுத்தி, அதன் திருத்தத்தை இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். உயரத்தில் அதைவிடச் சற்று மோசம். திரையில் "ஃபிக்ஸ்டு", அதாவது துல்லியமான இடம் கிடைத்துவிட்டது என்று வந்துவிட்டால் வேதவாக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மரத்தடியிலும் உயரமான சுவர் பக்கத்திலும் சமிக்ஞை எதிரொலித்து வந்து, ஃபிக்ஸ்டு என்று காட்டியபடியே தப்பாகவும் சொல்லும். முக்கியமான புள்ளியை வேறொரு நேரத்தில், கருவியை முதலிலிருந்து தொடங்கவிட்டு, இன்னொரு தடவை எடுங்கள். செயற்கைக்கோள்கள் அதற்குள் இடம் மாறியிருக்கும்.

ட்ரோன் நல்ல கருவி. ஆனால் அது எடுக்கும் படங்களைத் தரையோடு பிணைப்பது நீங்கள் தரையில் அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள்தான். அவை தப்பென்றால் அழகான, வண்ணமயமான தப்பு கிடைக்கும்.

ஆறாம் படி: உங்கள் அளவையே சந்தேகப்படுங்கள்

முதல் வருடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மனையைச் சுற்றி நான்கு நிலைகளில் கருவியை வைத்து டிராவர்ஸ் ஓட்டினேன், அதாவது புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்துகொண்டே சுற்றி வந்தேன். நான்கு பக்கமும் ஏறக்குறைய சம நீளம். கணக்குப் போட்டால் தொடங்கிய இடத்துக்கே ஐந்து மில்லிமீட்டரில் வந்து மூடியது. பெருமையோடு என் மூத்தவரிடம் காட்டினேன். தாளைப் பார்க்கவே இல்லை அவர். "டேப் எங்கே?" என்றார். ஒரு பக்கத்தை மட்டும் டேப் பிடித்து அளந்தோம். முப்பது மில்லிமீட்டர் குறைந்தது.

நடந்தது என்னவென்றால், அன்று எடுத்துப் போன பிரிசம், அதாவது கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி, வேறு வகை. ஒவ்வொரு பிரிசத்துக்கும் ஒரு மாறிலி, அதாவது தூரத்தில் செய்ய வேண்டிய நிலையான திருத்தம், உண்டு. சிலவற்றுக்குச் சுழி, சிலவற்றுக்கு 30 மில்லிமீட்டர். கருவியில் அதை நான் மாற்றவில்லை. எல்லாத் தூரமும் ஒரே அளவு பிசகியிருந்தது. ஆனால் சதுரத்தின் நான்கு பக்கமும் ஒரே அளவு நீண்டால் என்ன ஆகும்? சதுரம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். மூடத்தான் செய்யும்! நான் எவ்வளவு நேரம் கணக்கைப் பார்த்தாலும் தெரிந்திருக்காது.

மூடிவிட்டது என்பதற்காக நம்பக் கூடாது என்று அன்று கற்றேன். மூடுதல் சில தப்புகளைப் பிடிக்கும், சிலவற்றைப் பிடிக்காது. உள்கோணங்களின் கூட்டல் பக்கங்களின் எண்ணிக்கையிலிருந்து இரண்டைக் கழித்து 180-ஆல் பெருக்கியதற்குச் சமமாக வர வேண்டும். ஐங்கோணத்துக்கு 540 பாகை. வராவிட்டால் கோணத்தில் கோளாறு. 600 மீட்டர் சுற்றளவில் 4 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 15,000-த்தில் ஒன்று. அந்த வேலைக்கு அது போதுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் நீள அளவே மொத்தமாகப் பெருத்தோ சிறுத்தோ இருந்தால் அதை வெளியிலிருந்து வரும் சாட்சிதான் காட்டிக்கொடுக்கும்: வேறொரு கருவி, ஏற்கெனவே தெரிந்த இரண்டு புள்ளிகள், ஒரு சாதாரண டேப். சாட்சி முதலாமவரோடு உறவில்லாதவராக இருக்க வேண்டும். அதே கருவியால் அதே பிரிசத்தை மறுபடி பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது.

கூடவே ஒரு பழக்கம். கள ஏட்டில் அழிப்பானைப் பயன்படுத்தாதீர்கள். தப்பான எண்ணை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து, அன்று அடித்ததுதான் சரி என்று தெரியவரும் சந்தர்ப்பம் உண்டு. கருவியே எல்லாவற்றையும் சேமிக்கும் காலத்தில் ஏடு எதற்கு என்பார்கள். பிரிசம் எது, கோலின் உயரம் எவ்வளவு, எந்த முளை ஆடியது, யார் வந்து என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நீங்கள் சொல்லாமல் கருவிக்குத் தெரியாது. கைப்பட ஒரு படமும் வரைந்துவையுங்கள், கோணலாக இருந்தாலும்.

ஏழாம் படி: எதிலிருந்து அளந்தது, எந்த அலகில்?

உயரம் 42.150 என்று ஒருவர் கொடுத்தால், எதற்கு மேல் என்று கேளுங்கள். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லாஃபன்பர்க்கில் ரைன் ஆற்றின் மேல் பாலம் கட்டும்போது 2003-இல் இந்தக் கேள்வி பெரிய அளவில் வெடித்தது. ஒரு நாடு உயரத்தை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்து எண்ணும். மற்றது மார்சேய் மட்டத்திலிருந்து. இடைவெளி 27 சென்டிமீட்டர். மறந்துபோனதால் வந்த தப்பு இல்லை இது. தெரிந்துதான் திருத்தமும் செய்தார்கள். திருத்தத்தின் குறி மாறிவிட்டது. 27 நீங்குவதற்குப் பதில் 54 ஆனது. கூட்டலா கழித்தலா என்பதை வார்த்தையில் எழுதிப் பார்க்கும் பழக்கம் இதற்காகத்தான்: "அவர்களுடைய சுழி நம்முடையதைவிடக் கீழே இருக்கிறது, ஆகவே அவர்கள் சொல்லும் எண் பெரிதாக இருக்கும்."

செயற்கைக்கோள் கருவி தரும் உயரமும் கடல்மட்ட உயரம் அல்ல. பூமிக்கு நாம் கற்பித்துக்கொண்ட ஒரு நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடத்துக்கு இடம் மாறும், உலகின் சில பகுதிகளில் சுமார் 100 மீட்டர்வரை போகும். கருவியில் சரியான ஜியாய்டு மாதிரி, அதாவது அந்த வேறுபாட்டைச் சொல்லும் கடல்மட்ட மாதிரி, ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

அலகிலும் இப்படித்தான். அடி என்றால் அடி என்று நினைப்போம். அமெரிக்காவில் சர்வே அடி, சர்வதேச அடி என்று இரண்டு இருந்தன. சர்வதேச அடி மிகச் சரியாக 0.3048 மீட்டர், சர்வே அடி அதைவிட பத்து லட்சத்தில் இரண்டு பங்கு பெரிது. ஒரு மனையில் தெரியாது. ஆனால் ஆயத்தொலைவு இருபது லட்சம் அடி என்று இருந்தால் நான்கு அடி தள்ளிப் போய்விடும். 2022 முடிவோடு சர்வே அடியைக் கைவிட்டார்கள், பழைய வரைபடங்களில் மட்டும் அது உயிரோடிருக்கிறது.

பழைய ஆவணங்களைத் தொட்டால் சங்கிலியும் வரும். 1620-இல் இங்கிலாந்தில் எட்மண்ட் கன்டர் வடிவமைத்தது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கர் ஏன் 43,560 சதுர அடி என்ற விசித்திர எண்ணாக இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். இழுத்து இழுத்துக் கண்ணிகள் தேய்ந்த சங்கிலி நீண்டிருக்கும், அதனால் பழைய ஆவணத்தில் தூரம் குறைவாகப் பதிவாகியிருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

எட்டாம் படி: எல்லை என்பது எண் அல்ல

எல்லை வேலையில் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, ஆவணத்தில் 40.00 மீட்டர் என்று இருந்தால் 40.00 அளந்து புதுக் கல் நடுவது. பழைய கல் 40.12-இல் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்! பல நாடுகளின் சட்டத்தில், முதலில் நட்ட கல் அசையாமல் இருந்தால் அதற்குத்தான் மதிப்பு. ஆவணத்திலுள்ள எண் அந்தக் கல்லைக் கண்டுபிடிக்க உதவும் வழிகாட்டி மட்டும். ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளம் முன்னால், நட்ட கல் அடுத்து, திசையும் தூரமும் அதற்கப்புறம், பரப்பளவு கடைசி என்பது பொதுவாகப் பின்பற்றும் வரிசை. உங்கள் நாட்டில் வரிசை எப்படி என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கருவியை இறக்குவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். பக்கத்து நிலங்களின் ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒரு நிலத்தின் எல்லை அடுத்தவருடைய ஆவணத்திலும் எழுதியிருக்கும். வேலி எப்போது போட்டது, கல்லை யார் நட்டது என்று வயதானவர்களிடம் விசாரியுங்கள், ஆனால் இரு தரப்பிடமும். ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு மற்றவரைப் பார்க்காமல் திரும்பினால் அன்றே நீங்கள் கட்சிக்காரர் ஆகிவிடுவீர்கள். கூலி கொடுப்பவர் யாராக இருந்தாலும் கோடு ஒரே இடத்தில்தான் இருக்கும்.

நிலம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலை அல்ல. என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, ஆவணத்தோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இல்லை என்று எழுதுவதே வேலை. மனையில் நின்றபடி "அப்ப இது என்னுதுதானே?" என்று கேட்பார்கள். "அறிக்கையில் எழுதித் தருகிறேன்" என்று சொல்லப் பழகுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் வேலை

முதல் வேலையில் சம்பளத்தைவிட யாரிடம் சேருகிறீர்கள் என்று பாருங்கள். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: "கருவிகளைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?" பதில் உடனே வந்தால் சேருங்கள். சிரித்தால் யோசியுங்கள்.

கணினியில் வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருள் ஒன்றில் வரையக் கற்றுக்கொண்டு போனால் உடனே பயன்படுவீர்கள். கியூஜிஐஎஸ் என்ற நிலவரைபட மென்பொருள் இலவசம், வீட்டிலிருந்தே பழகலாம். சொந்தமாகக் கருவி வாங்கக் கடன் எடுக்காதீர்கள், குறைந்தது உரிமம் வரும் வரை. கருவி பழசாகும், கடன் பழசாகாது.

ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்பது உண்மை. நாலு பேர் போன வேலைக்கு, தானாகத் திரும்பிப் பிரிசத்தைப் பின்தொடரும் ரோபோட்டிக் டோட்டல் ஸ்டேஷனோடு இப்போது ஒருவரே போகிறார். மட்டக்கோல் மட்டும் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது கெட்ட செய்தி. அதனால்தான் கோல் பிடிக்கும் நாட்களிலேயே கருவிக்குப் பின்னால் நிற்பவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு மூன்று விஷயம், சுருக்கமாக. சூரியனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பிக் கண்ணை வைக்காதீர்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு நொடியும் கூடாது, பார்வை போய்விடும். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் கோலை நீட்டாதீர்கள், அலுமினியக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். சாலையில் வேலை என்றால் பளிச்சென்ற உடுப்பு, முன்னால் எச்சரிக்கைப் பலகை, வண்டிகளைப் பார்க்க ஓர் ஆள். தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்திருப்பவருக்கு முதுகுக்குப் பின்னால் வருவது தெரியாது. கருவி விழுந்தால் விழட்டும், அதைப் பிடிக்கப் பாயாதீர்கள்.

முதல் நாள் பையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: பென்சில் இரண்டு, நனைந்தாலும் தாங்கும் ஏடு, ஐந்து மீட்டர் கை டேப், சுத்தி, ஆணிகள், மண்ணில் குறியிடப் பெயிண்ட், தொப்பி, தண்ணீர். கிளம்பும் முன் கருவியின் பேட்டரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பிரிசத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, மாறிலி எவ்வளவு என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள்.